பிண்டத்தைக் கொத்திய கடல்புறா

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்: "அண்ணே, உங்க கூட்டாளி சிவஞானத்த நேத்தே எரிச்சிட்டாங்களாமே. நாளைக்கு அஸ்தி கரைக்கிறாங்களாம். தெரியாதா?"

தெரியாது. சனிக்கிழமைதோறும் அவரோடு ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் பறவை பார்க்கப் போன எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த வருத்தம் எனக்குத் தீராது.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நான் ஆறாம் வகுப்போடு நின்று, பிறகு புத்தகம் பார்த்துக் கற்றவன். பழுப்புத் தலைக் கடல்புறா ஆண், வெள்ளைத் தலை பெண் என்று ஒருமுறை அடம்பிடித்தேன். "மார்ச் வரைக்கும் பொறு" என்றார். மார்ச்சில் பெரிய பறவைகளின் தலைகளெல்லாம் பழுப்பாயின. பிறகு அவை முட்டையிட வடக்கே மலைநாட்டு ஏரிகளுக்குப் புறப்பட்டன. "என்னய்யா, எல்லாம் ஆம்பளையா மாறிடுச்சா?" என்றார். இரண்டு சனிக்கிழமை நான் அவரோடு போகவில்லை.

பறவைக்கு மனிதக் குணம் ஏற்றினால் அவருக்குப் பொறுக்காது. ஒரு கடல்புறா இன்னொன்றைத் துரத்தி அதன் வாயிலிருந்த மீனைப் பிடுங்கியது. பக்கத்தில் நின்ற பெண், "விளையாடுது பாருங்க அங்கிள்" என்றாள். "விளையாட்டு இல்லம்மா, பசி. நம்ம கதைய அது தலையில கட்டாத" என்றார். அவரோடு பறவை பார்க்கப் போன உங்களில் பலரும் அவரிடம் இந்தத் திட்டை வாங்கியிருப்பீர்கள்.

அஸ்தி கரைக்க நானாகவே போய்ப் படகில் ஏறினேன். சாம்பலைக் கரைத்து, சோற்று உருண்டையைக் கடலில் விட்டார்கள். மீன்படகுகளைத் தொடர்ந்து பழகிய கடல்புறாக்கள் எங்களையும் சூழ்ந்தன. ஒன்று இறங்கி உருண்டையைக் கொத்தியது.

"அப்பா வந்துட்டாரு லா" என்று மகள் அழுதாள்.

சிவஞானத்தின் மனைவி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவருதானே?"

வாலைப் பார்த்தால் வயது தெரியும் என்பார் சிவஞானம். இதன் வால்நுனியில் இளம் பறவைக்குரிய கறுப்புப் பட்டை இருந்தது. போன கோடையில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு. அவர் உயிரோடு இருந்தபோதே பிறந்தது. ஆமாம் என்றால் அவருக்குத் துரோகம். இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நல்லா சாப்பிட்டுச்சும்மா" என்றேன்.

அந்த அம்மா கைகூப்பி அழுதார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் யார் தவறாகப் பேசினாலும் விடாத நான், அதைத் திருத்தவில்லை.

சிவஞானத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தக் கண்தான். படகில் எல்லோரும் அந்தப் பறவையில் அவரைப் பார்த்தார்கள். நான் வாலைப் பார்த்தேன்.