தேமலுக்கு அத்தை சொன்ன வைத்தியம்

பதினெட்டு வயதில் என் வலது கன்னத்தில் தேமல் வந்தது. விழுப்புரத்து வெயிலுக்கும் வியர்வைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேர் முதுகில் அது இருந்தது. முதுகில் இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணின் கன்னத்தில் வந்தால் தெருவே டாக்டராகிவிடும்.

திண்டிவனத்தில் இருந்த அப்பாவின் அக்காதான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாள். அத்தையும் என்னைப்போலக் கறுப்புதான். ஆனாலும் என் நிறத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பெண் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்பு லேபிள் இல்லாத ஒரு டப்பாவோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். முகத்தை வெளுக்க வைக்கும் கிரீமாம். தேமலுக்கு இது எதற்கு என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மீதி மூஞ்ச வெளுத்துட்டா தேமலு எங்க தெரியப்போவுது? எல்லாம் ஒரே கலரா ஆயிடுமில்ல?” என்றாள் அத்தை.

இப்படியொரு யோசனை எங்கள் குடும்பத்துக்குத்தான் வரும். சேலையில் கறை பட்டால் கறையை எடுக்க மாட்டார்கள், சேலையையே வெளுத்துவிடுவார்கள். அப்பாவும் தலையாட்டினார். பூசினேன். எரிந்தது. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றார்கள். தோல் உரிந்தது, சிவந்தது, பிறகு கன்னமெல்லாம் திட்டுத்திட்டாகக் கருத்தது. தேமல் மட்டும் சௌக்கியமாகக் கழுத்துவரை இறங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைப் பிடித்து, சந்தையில் கத்தரிக்காயைத் திருப்புவதுபோல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெண்குஷ்டமா என்று என் எதிரிலேயே அப்பாவிடம் கேட்டாள். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். பெண் கறுப்பு, அதனால்தான் தட்டிப்போயிற்று என்று அத்தை சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள்.

அம்மா என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கொடுத்த லோஷனில் தேமல் போய்விட்டது. கிரீம் போட்ட கருந்திட்டு போகவில்லை. இன்றும் கண்ணாடியில் முதலில் அதுதான் தெரிகிறது.

சில வருடங்களில் எனக்கும் கல்யாணமாகிப் பெண் பிறந்தாள். அப்படியே என் நிறம். தொட்டிலை எட்டிப் பார்த்த அத்தை உச்சுக்கொட்டினாள். பையிலிருந்து அதே மாதிரி டப்பாவை எடுத்து, இப்போதிருந்தே பூசிவந்தால் வளரும்போது வெளுத்துவிடும் என்றாள்.

 டப்பாவைப் பிடுங்கி, மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

“மொதல்ல உங்க மூஞ்சில பூசுங்க அத்த. நான் பாத்துக்கினு ஒக்கார்றேன்.”

அவள் பூசவில்லை. சாப்பிடாமலே திண்டிவனம் பஸ் ஏறிப் போனாள்.