புளிச்சோற்று நடனம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபத்தில் டிஜே பாக்ஸ் அதிர்ந்ததும் எனக்குத் தூத்துக்குடிக் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் என் அடம் தாங்காமல்தான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி அங்கே கிட்டார் கச்சேரி பார்க்கப் போனோம். அம்மாவும் அப்பாவும் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் மில்லில் எல்லாரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள்.

பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அம்மா வாயைத் தட்டி, விரல்களை விரித்தாள்: புளிச்சோற்றுப் பை எங்கே? அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங் சுற்றி, தோளுக்குப் பின்னால் வீசிக் காட்டினார்: பஸ்ஸோடு போய்விட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் அதை டான்ஸ் என்று நினைத்து அப்படியே ஆட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கடற்கரையே ஸ்டியரிங் சுற்றித் தலையில் அடித்துக்கொண்டது. பாடகர் மைக்கில், “அக்கா, இன்னொருக்கா!” என்று கத்தினார்.

“சோத்தைத் தொலச்சிட்டீகளேன்னு தலையில அடிச்சா, அந்தப் பய இன்னொருக்கா அடிங்கிறானே!” என்று ஊர் வரும்வரை அம்மா அப்பாவிடம் பொருமினாள்.

இப்போது மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து அம்மா விரல்களை விரித்தாள். பாக்ஸ் பக்கம் நின்ற அப்பா பதறிப்போய்த் தாம்பூலப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.