குல்லாவுக்கு ஒரு தலை

தஸ்தகீர் பாயின் பேர் கெட்டதற்குக் கட்சியைத்தான் அவருக்கு வேண்டியவர்கள் திட்டுகிறார்கள். நான் அவரையும் சேர்த்துத்தான் திட்டுவேன்.

நெல்லித்தோப்பில் என் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இருபது வருஷமாகச் சிறு பத்திரிகைகளில் எழுதி வந்தார். பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடம் வேண்டும். மார்க்கத்தைக் காட்டி எவனும் ஓட்டுக் கேட்கக் கூடாது. இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றி எழுதினார். அதற்காக அவரோடு சண்டைக்கு நின்றவர்களில் முதல் ஆள் ஷர்புதீன்.

தேர்தல் நெருங்கியதும் கட்சியின் தொகுதிச் செயலாளர் ராஜவேல் கடைக்கு வந்தான். "உங்கள மாதிரி படிச்சவங்க உள்ள வந்தாதான் பாய் கட்சி திருந்தும்" என்றான். மனுஷன் உருகிவிட்டார்.

"வேணாம் பாய், உங்களுக்குக் குல்லா போடுறானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"வெளிய நின்னு திட்டுறது சுலபம் ஜெஸ்டின்" என்றார். கட்சியில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த பதவியையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே தெருமுனையில் பேனர் ஏறியது. தொழும்போது தவிரத் தலையில் எதுவும் வைக்காதவருக்கு, கம்ப்யூட்டரிலேயே வெள்ளைக் குல்லா மாட்டியிருந்தார்கள். கீழே, 'இஸ்லாமியச் சொந்தங்களே, உங்கள் ஓட்டு நமக்கே!' எதைக் கூடாது என்றாரோ, அதையே அவர் வாயில் திணித்துவிட்டார்கள் பாவிகள்.

பாய் கேட்டதற்கு ராஜவேல், "குல்லா இல்லன்னா நீங்க பாய்னு எவனுக்குத் தெரியும்?" என்றான்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஷர்புதீன் மறித்தான். "ஊருக்கு உபதேசம், உனக்குப் பதவியா?" கூட்டம் சிரித்தது.

பிறகு கட்சியின் நோன்புக் கஞ்சி விருந்து. வேட்பாளர், ராஜவேல், கூட வந்த அல்லக்கைகள் எல்லோர் தலையிலும் குல்லா. பாய் மட்டும் வெறுந்தலை. போட்டோ எடுக்கும் நேரத்தில் ராஜவேல் ஒரு குல்லாவை அவர் தலையில் அமுக்கினான். பாய் அதைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் தொழறப்ப போடுறேன். நீங்க ஓட்டுக்குப் போடுறீங்க. பேனர எறக்குங்க. நானும் கட்சியிலேர்ந்து எறங்கிட்டேன்."

மைக்கை அணைத்தார்கள்.

பேனரை இறக்கவில்லை. முகத்தை மட்டும் மாற்றி ஒட்டினார்கள். அதே வாசகம், அதே குல்லா. உள்ளே ஷர்புதீனின் தலை. பாயைப் பார்த்துச் சிரித்த கூட்டமே அவனுக்குச் சால்வை போர்த்தியது.

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் பேனருக்கு அடியில் நின்றோம்.

"அளவெடுத்தா மாதிரி இருக்கு இல்ல?" என்றார் பாய்.

திட்ட நினைத்தேன். டீ வாங்கிக் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.