கழிப்பறைத் தண்ணீர் மேளாவுக்குப் போன கதை

1. கேட்டைத் தாண்டியது

பள்ளிக்கூடத்தில் நான் எட்டாவதுக்கு மேல் உட்கார்ந்ததில்லை. அதனால் எல்லை தாண்டி மலைமேல் இருக்கும் ஆனைக்கரைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போன முதல் நாள், யாராவது விரட்டிவிடுவார்கள் என்றே நினைத்தேன். விரட்டவில்லை. கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் என் ஊர்ப் பக்கம், பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் இருந்தேன். முதுகுத் தோல் உரிந்ததும் கிளம்பிவிட்டேன். அப்புறம் போடிமெட்டு வழியாகப் போகும் லாரியில் கிளீனர். டிரைவர் கண்ணசந்ததால் அந்த வேலை ஒரு வளைவில் முடிந்தது. பிறகு ஏலக்காய்த் தோட்டங்களில் ஓஸ் இழுக்கும் வேலை. மேலே ஊற்று இருக்கும் இடத்திலிருந்து கறுப்பு ஓஸ் குழாயைக் காட்டு வழியாக இழுத்து வந்து வீடுகளுக்குத் தண்ணீர் விடுவது. இந்த மலையில் மோட்டார் வேண்டாம், சரிவு போதும்.

அந்த வருடம் பள்ளியில் ‘செய்து கற்றல்’ வந்திருந்தது. பிள்ளைகள் தங்கள் சுற்றுப்புறத்தில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, தங்கள் கையாலேயே தீர்க்க வேண்டும். கருவி பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள் கூட நிற்க வேண்டும். அந்த ஆள் நான்.

2. பிரச்சினை கண்டுபிடித்தது

“உங்களைச் சுத்தி என்ன பிரச்சினை இருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் புராஜெக்ட் பொறுப்பில் இருந்த சயின்ஸ் சார்.

ஒருவன் ஓசோன் என்றான். இன்னொருவன் துருவக் கரடி என்றான். சார் முகம் மலர்ந்தது. ஒன்பதாவது படிக்கும் கார்த்திகா எழுந்து நின்றாள்.

“எங்க கக்கூஸ்ல தண்ணி இல்ல சார்.”

வகுப்பே சிரித்தது. “இது புராஜெக்ட்டும்மா. கம்ப்ளைன்ட் சொல்ற நேரம் இல்ல. உக்காரு” என்றார் சார்.

அவள் உட்காரவில்லை. தண்ணீர் இல்லாததால் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் மத்தியானம் லயத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயம் மலைக்கு மேலே இருக்கிறது. ஏறினால் அன்றைக்கு இறங்க முடியாது. “அரைநாள் படிப்புக்கு எதுக்குடி யூனிபார்ம், தோட்டத்துக்குக் காய் எடுக்க வான்னு எங்க அம்மா சொல்லிருச்சு சார். தண்ணி வராட்டி நான் ஸ்கூல விட்டு நின்னுருவேன்” என்றாள்.

சார் என்னைப் பார்த்தார். “முடியுமா?”

“ஊத்து மேல இருந்தா முடியுங்க சார்.”

“முடியுங்கங்க!” என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் என் பாலக்காட்டுப் பேச்சை இழுத்துக் காட்டினான். கார்த்திகா திரும்பி, “துருவக் கரடி, வாய மூடுல” என்றாள்.

பள்ளிக்கு மேலே இருந்த ஊற்றை மாணவிகளே தோண்டினார்கள். அட்டை கடித்தது, மழை பெய்தது, ஓஸ் இழுத்தோம். கழிப்பறைக் கூரையில் ஒரு சின்ன டேங்க் வைத்து, கீழே பித்தளைக் குழாய் மாட்டினோம். தண்ணீர் வரவில்லை.

“காத்து அடைச்சிருக்கு அண்ணே” என்று சொல்லி கார்த்திகா ஓஸை வாயில் வைத்து உறிஞ்சினாள். முதலில் சேறு வந்தது, அதைத் துப்பினாள். பிறகு தண்ணீர் வந்தது. மறுநாள் முதல் மத்தியான வகுப்பில் பெஞ்சுகள் நிறைந்தன. கார்த்திகாவின் அம்மாவும் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தவரை வேலை அத்தோடு முடிந்தது. பள்ளியில் அப்போதுதான் ஆரம்பித்தது.

3. மேசை அளவு

சப்-ஜில்லா மேளா வந்தது; பக்கத்துப் பள்ளிகளெல்லாம் மாடல் வைத்துப் போட்டி போடும் கண்காட்சி. மலையாளம் கலந்து பேசும் ஹெச்.எம். டீச்சர் கழிப்பறைக்கு வந்து குழாயைத் திறந்து பார்த்தார். “நல்லா இருக்கு. பட்சே இதை எப்படி மேளாவுக்குக் கொண்டுபோறது?”

“இது மாடலே இல்லையே டீச்சர், நிஜமா இருக்கே” என்று சயின்ஸ் சாரும் வருத்தப்பட்டார்.

மேசையில் அடங்கினால்தான் மார்க். ஆகவே தெர்மாகோலில் ஒரு மலை எழுந்தது. அதன்மேல் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். டேங்குக்கும் குழாய்க்கும் எங்கே போவது? சார் என்னிடம் வந்தார்.

“ஸ்பானர் இருக்கா?”

“இருக்குங்க. ஏனுங்க சார், இதைக் கழட்டிட்டா அங்க தண்ணி எப்படிங்க வரும்?”

“மேளா முடியட்டும். குடுங்க.”

கொடுத்தேன். டேங்க் இறங்கியது, குழாய் கழன்றது, ஓஸில் நல்ல துண்டாகப் பார்த்து நடுவில் வெட்டினார்கள். சார்ட்டில் ‘கழிப்பறை’ என்ற சொல் அசிங்கமாக இருந்ததால் ‘மலைப்பகுதி நீர் மேலாண்மை’ என்று மாற்றினார்கள். ‘பயனாளிகள்: மாணவிகள்’ என்ற வரியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஏ கிரேடு கிடைத்தது, அடுத்தது ஜில்லா மேளா. மாடல் ஊர்வலமாகத் திரும்பி வந்து ஹெச்.எம். அறையில் உட்கார்ந்தது. டேங்கில் தண்ணீர் நிரப்பி, ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டையும் மாட்டினார்கள்.

“எங்க குழாய் எப்ப வரும் டீச்சர்?” என்று கார்த்திகா கேட்டாள்.

“ஜில்லா மேளா கழியட்டும் மோளே.”

மத்தியான பெஞ்சுகள் மறுபடி காலியாயின. “திங்கக்கிழமையில இருந்து காய் எடுக்கப் போறேன் அண்ணே. அம்மா கூடை வாங்கிருச்சு” என்றாள் கார்த்திகா.

4. டெமோ

அந்த வெள்ளிக்கிழமை மாடலைப் பார்க்கக் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். ஹெச்.எம். அறையில் அவருக்கு ஏலக்காய் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது கார்த்திகா பக்கெட்டுடன் உள்ளே வந்தாள். அவள் பின்னால் வராந்தா முழுக்கப் பக்கெட்டுகள். மாடலின் குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்தாள்.

“ஏய், என்ன பண்ற?” என்று சார் பதறினார்.

“சார்ட்டுல பயனாளிகள் மாணவிகள்னு போட்டிருக்கீங்கல்ல சார்? பயன்படுத்துறோம்.”

அதிகாரி கைதட்டினார். “லைவ் டெமோ! ரொம்ப நல்லாருக்கு.” போட்டோவும் எடுத்தார். பிறகு, “தண்ணிய எங்கம்மா கொண்டுபோறீங்க?” என்று கேட்டார்.

“வாங்க சார், காட்டுறோம்.”

கழிப்பறைக்குள் போனார். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். எனக்குத் திட்டு விழும், பள்ளிக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் டேங்க் இல்லாத கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “டீச்சர், அந்த மாடலை இதே இடத்துல, முழு அளவுல செஞ்சு வச்சா என்ன? ஸ்டேட் லெவல்ல பேசப்படும்” என்றார்.

“கிராண்ட் ஐடியா சார்” என்றார் ஹெச்.எம்.

அன்று சாயங்காலமே டேங்க் கூரை ஏறியது. வெட்டிய ஓஸை நான் ஒட்டுப்போட்டு இணைத்தேன். கழிப்பறைச் சுவரில் ‘முழு அளவு மாடல்’ என்று போர்டு வைத்தார்கள். திங்கட்கிழமை கார்த்திகா மத்தியான வகுப்பில் இருந்தாள். அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு அவள் அம்மா காய் எடுக்கப் போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள், நன்றாகவே செய்யுங்கள். தண்ணீர் வந்ததும் ஸ்பானரை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.