துடைப்பத்தைப் பூட்டிய பெருநாள்

மலேசியாவில், கோல சிலாங்கூர் சாலையில் செம்பனைத் தோட்டத்தை அழித்த நிலத்தில் எழும்பிய தீம் பார்க் அது. வெளிநாட்டில் வரைந்த கோட்டையும் இளவரசியும் அங்கே வரப்போகும் சீனர்களுக்கு ஒட்டாது என்று யாரோ ஓர் ஆலோசகர் சொல்ல, எல்லாவற்றையும் மாற்றினார்கள். வாசலைத் திருப்பிக் கட்டினார்கள், வெள்ளைக் கோட்டைக்குச் சிவப்பு அடித்தார்கள். அதுவரை எனக்கு ஆட்சேபமில்லை. வருகிறவர்களுக்குத் தகுந்தபடி வீட்டை ஒழுங்கு செய்வது மரியாதைதான்.

2023 ஜனவரி 22, சீனப் புத்தாண்டுப் பெருநாள். பொங்கலுக்கு மறு ஞாயிறு. அங்கே கூட்டும் வேலை செய்த என் அக்கா கொடுத்த குடும்பச் சீட்டில் நானும் உள்ளே போயிருந்தேன். அக்காவுக்கு முழங்காலில் அறுவை நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று அக்கா குனிந்துதான் இருந்தாள். சூரியகாந்தி விதைத் தோலை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெருநாளில் கூட்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று துடைப்பங்களை ஸ்டோரில் பூட்டிவிட்டார்களாம். குப்பை மட்டும் இருக்கக் கூடாதாம்! பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பழைய தோட்டத்து லய வீடுகளில் பிறந்த தமிழ்ப் பெண்கள். இந்த ஏற்பாட்டைச் செய்த எவனும் குனியவில்லை.

அங்கே கரும்புச்சாறு விற்ற பத்தாங் காலி ஊர்ச் சீனத்தி ஒருத்தி, எல்லாரும் 'அசோ' என்று கூப்பிடுகிறவள், தோட்டத்தில் வளர்ந்தவள், தமிழிலேயே கத்தினாள்.

"தங்காச்சி, என்னா கையில பொறுக்குறே? உனக்குக் காலு நொண்டுதுலா!"

"கூட்டக் கூடாதாம், அசோ. ஒங்க சாமி கோச்சுக்குமாம்."

"எவன் சொன்னான்? எங்க கடையில இன்னிக்கும் கூட்டுனேன். வாசல்லேருந்து உள்ளாற கூட்டணும். வெளிய தள்ளக் கூடாது, அவ்ளோதான்."

தன் துடைப்பத்தையே எடுத்துக் கொடுத்தாள். அக்கா நிமிர்ந்தாள். வாசலிலிருந்து உள்நோக்கிக் கூட்டிக்கொண்டே போய், நடுமேடையில் நின்ற செல்வத் தெய்வத்தின் அட்டைப் பொம்மை காலடியில் குவித்தாள். மேற்பார்வையாளன் ஓடி வந்தான். நம் தமிழ்ப் பையன்தான்.

"யக்கா, என்னாக்கா இது? பாஸ் பாத்தா என்னைய தொலைச்சிருவாரு!"

"ஒங்க அதிர்ஷ்டம்தான்டா தம்பி. ஒண்ணுகூட வெளிய போகல. எண்ணிப் பாத்துக்க."

சுற்றி நின்ற சீனக் குடும்பங்கள் சிரித்தன. ஒருவர்கூடக் கோபப்படவில்லை.

மறுநாள் துடைப்பங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெருநாள் முடியும்வரை எல்லாரும் உள்நோக்கியே கூட்ட வேண்டும், இது ஆலோசகரின் புதிய யோசனை என்று அறிவித்தார்கள். அதே காலையில், முதல் நாள் விதியை மீறியதற்காக அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திடச் சொன்னார்கள்.

அவள் போடவில்லை. கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.