எர்த் என்றால் மண்

எங்கள் மண்டியின் சின்ன லாரி எப்போது கிளம்பியது, எப்போது கிளம்ப மறுத்தது என்பதை ஏழு மாதம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். தேதி, நேரம், இடம், வெயிலா மழையா, எத்தனை முறை கிளப்பும் பித்தானை அழுத்தினோம் என்று ஐந்து கட்டங்கள். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதிவைத்தால் காரணம் தானாகவே தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

யுத்தம் முடிந்தபின் ராணுவத்தார் கழித்துவிட்ட வண்டி அது. பின்பக்கம் திறந்த டீசல் வண்டி. செஞ்சியிலிருந்து வல்லம், அவலூர்பேட்டை பக்கம் போய் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றி வரும். டீசல் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. கிளப்புவதற்குத்தான் தேவை. எங்கள் வண்டியின் நோவு அங்கேதான் இருந்தது. பித்தானை அழுத்தினால் சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். சற்று நேரம் கழித்து அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். எப்போதும் கெட்டிருந்தால் பழுது பார்த்துவிடலாம். இது கெட்டும் கெடாமலும் இருந்தது.

டிரைவர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். வல்லம் போகிற வழியில் மாதா கோயில் இருக்கும் ஒரு சிற்றூர்க்காரர், கத்தோலிக்கர். மூன்று பெண் குழந்தைகள். என்னைக் "கணக்குப்புள்ள" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதையைவிடக் கேலி அதிகம். எனக்கு அது பிடித்திருந்தது.

"பேட்டரி தண்ணி பாத்தாச்சு, டைனமோ பாத்தாச்சு, ஒயர ஒண்ணொண்ணா உருவிப் பாத்தாச்சு. இன்னா ரோஷமோ இதுக்கு!" என்று சொல்லிவிட்டு, கால்மிதிப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரிப் பெட்டியின் மேல் ஓர் உதை விடுவார். பல நேரம் அந்த உதைக்கு வண்டி கிளம்பிவிடும்.

"மாட்ட ஒதைக்கிற மாதிரி ஒதைக்கிறீங்களே" என்பேன்.

"மாடுன்னா திருப்பி ஒதைக்கும் கணக்குப்புள்ள. இது பாவம், வாங்கிக்குது."

வெள்ளிக்கிழமை வண்டிப் பூஜை அவர் செய்கிற காரியமல்ல. அதனால் அது என் பொறுப்பானது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து ஒரு பாதியில் குங்குமம் தடவி வண்டியில் வைப்பேன். சக்கரத்தின் மேல்மூடியில் வைத்தால் பழம் உருண்டு விழுந்துவிடும். பேட்டரிப் பெட்டியை ஒட்டி, வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு பெரிய போல்ட் இருந்தது. செம்புக் கம்பியைப் பின்னிய ஒரு பட்டை பெட்டிக்குள்ளிருந்து வந்து அதில் முடிந்தது. அந்த போல்டின் தலையில் பாதிப் பழம் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. எதையும் ஒரே இடத்தில் வைப்பது என் வழக்கம். பழத்தைச் சற்று அழுத்தி, சாறு கசிய, வாராவாரம் அங்கேயே வைத்தேன்.

நோட்டில் சனி, ஞாயிறுகளில் கோளாறு அதிகம் என்பது நான்காம் மாதத்தில் தெரிந்தது. டிரைவரிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம சாமி கும்புட்டுட்டு சனிக்கெழம படுத்துக்குதா? அப்ப இதுவும் என்னைய மாதிரி ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வரட்டும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதன் முதல் பாதியை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரு மின்சார மெக்கானிக் இருந்தார். பஸ் கண்டக்டர் மூலம் டிரைவர் அவருக்கு விவரம் சொல்லி அனுப்பினார். பதில் ஒரு கார்டில் மண்டி விலாசத்துக்கு வந்தது: "எர்த் சரியில்லை என்று தோன்றுகிறது. எர்த்தைச் சுத்தம் செய்து பாருங்கள்." அவ்வளவுதான். டிரைவர் அன்று அவலூர்பேட்டை சந்தைக்குப் போயிருந்தார். என்னிடம் ஓர் இங்கிலீஷ்-தமிழ் அகராதி உண்டு. எடுத்துப் பார்த்தேன். பூமி, மண், தரை. மறுபடியும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு முதலாளியிடம் போனேன்.

"வண்டி நிக்கிற தரை சரியில்லன்னு எழுதியிருக்காருங்க. மண்ண சுத்தம் பண்ணச் சொல்றாரு."

முதலாளியின் அக்காள் பக்கத்தில் இருந்தார். வீட்டில் அவர் சொல்தான் சட்டம். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்போம். "நான் அப்பவே சொன்னேன்டா தம்பி, கேட்டியா? கொட்டாய் போட்ட எடத்துல இன்னா கெடந்திச்சோ, எது கெடந்திச்சோ!" என்றார்.

வண்டிக் கொட்டகைத் தரையை ஒரு முழம் வெட்டி எடுத்து, ஆற்று மணல் கொட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை வைத்த எலுமிச்சம்பழத்தைத் தினமும் வைக்கச் சொன்னார் பெரியம்மா. வைத்தேன். கார்டைப் பத்திரமாகக் கோத்து வைத்தேன். டிரைவரிடம் காட்டவில்லை; பதில் வரவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டார். பூஜை சமாச்சாரம்தானே, அவருக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். மணல் எதற்கு என்று அவர் கேட்டபோது, "தரை மேடு பள்ளமா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டேன்.

கோளாறு அதற்குப் பின் வாரத்தில் நான்கு நாள் என்றானது. முதலாளி டிரைவரைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே சொன்னார்: "வர்ற அமாவாசைக்கு மலையனூர் போறோம். பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் வராங்க. அன்னிக்கு அங்க வண்டி நின்னுச்சின்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். அப்புறம் என்னைய கேக்கக்கூடாது."

டிரைவர் அன்று கேலி எதுவும் பேசவில்லை. செஞ்சியில் லாரி வைத்திருந்தவர்களே சிலர். இந்த வேலை போனால் அவர் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம் நெரிந்தது. அம்மனைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் பித்தானை அழுத்தினார். டக். மறுபடியும் டக். மூன்றாம் முறையும் அதுவே. இறங்கி வந்து, ஒரு கணம் நின்று, பெட்டியின் மேல் ஓர் உதை விட்டார். அதிர்ச்சியில் போல்டின் மேலிருந்த எலுமிச்சம்பழம் கழன்று புழுதியில் உருண்டது.

"ஐயோ, சாமிக்கு வெச்ச பழத்த காலால ஒதைக்கிறான்டா! வேதக்காரன் புத்திய காட்டிட்டான் பாரு!" என்று பெரியம்மா கத்தினார். கூட்டத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, நான் பொட்டியத்தான் ஒதைச்சேன். பழத்துமேல என் காலு படல. கணக்குப்புள்ளய கேளுங்க, அவருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். ஏழு மாதமாகப் பார்த்தவன் நான். அந்தப் பழத்தை அவர் விரலால்கூடத் தொட்டதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து பழத்தை எடுத்து, மேல்துண்டில் துடைத்தேன்.

உதைக்குப் பின் வண்டி கிளம்பிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. செஞ்சி வந்ததும் டிரைவர் சாவியை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனார். அன்று நோட்டில் எழுதினேன்: 'மாலை 4.10. கிளம்பவில்லை. உதைத்தபின் கிளம்பியது.' வேறொன்றும் எழுதவில்லை.

அவருடைய சாப்பாட்டுத் தூக்கு வண்டியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தூக்கை வாங்கிக்கொண்டு, "இதுக்காகவா வந்தீங்க?" என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், திண்டிவனத்துக் கார்டைப் பற்றியும் தரையை வெட்டியதைப் பற்றியும் சொன்னேன்.

அவர் சிரித்தார்; அது நல்ல சிரிப்பாக இல்லை.

"எர்த்துன்னா மண்ணா? அட கணக்குப்புள்ள! பேட்டரிலேர்ந்து சட்டத்துக்கு ஒரு செம்புப் பட்ட போவுதே, ஒரு போல்ட்டு போட்டு இறுக்கியிருக்குதே, அதுக்குப் பேருதான் எர்த்து. அத தொடச்சி வைன்னு எழுதியிருக்கான்."

"எந்த போல்ட்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க பழம் வெக்கிற போல்ட்டு. அத மட்டுந்தான் நான் கழட்டிப் பாக்கல. சாமி வெச்ச எடம், நம்ம கை படக்கூடாதுன்னு உட்டுட்டேன்."

கொட்டகைக்குத் திரும்பி, அந்த போல்டை நானே கழற்றினேன். அடியில் பச்சையாகக் களிம்பு ஏறி, சந்தனமும் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் காய்ந்து, பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பொருக்காக நின்றிருந்தது. உதைத்தபோதெல்லாம் பட்டை சற்று அசைந்து இரும்பைத் தொட்டிருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரண்டையும் பளபளப்பாகத் தேய்த்து முடுக்கினேன். பித்தானைப் பத்து முறை அழுத்தினேன். பத்து முறையும் எஞ்சின் சுழன்றது.

அன்றே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: போல்ட், பழம், அகராதி, மலையனூரில் நான் பேசாமல் நின்றது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போயி அவன கூட்டினு வா. ஆனா பழத்தால வண்டி கெட்டுச்சின்ற பேச்சு வெளிய வரக்கூடாது. அக்கா காதுல உழுந்துது, வீடு ரெண்டாயிடும். போனாப் போவுதுன்னு மன்னிச்சி உட்டுட்டோம்னு சொல்லிக்கலாம்."

"அவர் மேல தப்பு இல்லையேங்க."

"உனக்கு அவன் வரணுமா, வேணாமா?"

நான் போய்ச் சொன்னேன். மன்னித்துவிட்டார்கள் என்ற பேச்சையும் மறைக்காமல் சொன்னேன். டிரைவர் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இது நடந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. மண்டிக்கு வருகிறவர்கள், அம்மன் பழத்தை உதைத்த ஆளை மறுபடியும் வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளியின் பெருந்தன்மையைப் பேசுகிறார்கள். நான் கேட்டுக்கொண்டு கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வேணா வைங்க ஐயா" என்றார். "அந்த போல்ட்டு மட்டும் வேணாம்."

அன்றிலிருந்து ஐயாதான். கணக்குப்புள்ள என்று அவர் அதன்பின் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.