விருந்தாளியைத் திட்டச் சொன்னவள்

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கழுத்தில் மாலையும் கதர்த் துணியுமாகக் கிரிவலப் பாதையில் நடப்பார்கள், டீக்கடையில் நம்மோடு நிற்பார்கள். வெள்ளைத் தோல் என்றால் சாமி தேடி வந்தவர் என்று திருவண்ணாமலைக்காரர்கள் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். அதனால், ஹங்கேரியிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்க வந்தபோது, வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்க என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எந்த ஆசிரமத்துக்குங்க வந்திருக்காங்க?"

அவள் டாக்டருக்குப் படிக்கிறவள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

என் மகள் அப்போது அரசு மருத்துவக் கல்லூரியில் நான்காம் வருஷம். வெளிநாட்டு மாணவர்கள் இங்கே வந்து ஒரு மாதம் வார்டில் பயிற்சி எடுப்பதும், நம் பிள்ளைகள் அவர்கள் ஊருக்குப் போய் எடுப்பதுமாக ஓர் ஏற்பாடு உண்டு. ஆளுக்கு ஆள் மாற்று. அந்தப் பெண் மாதத்தை முழுசாக முடித்தால், அவள் ஊர் ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு ஓர் இடம். நடுவில் கிளம்பிவிட்டால் அந்த இடம் கிடையாது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் விமானம் ஏறியவர் ஒருவரும் இல்லை. என் கணவர் அடி அண்ணாமலையில் வேர்க்கடலை போடுகிறார், நான் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மகள் போக வேண்டும் என்பதில் அவளைவிட எனக்குத்தான் வெறி ஜாஸ்தி.

ஆகவே வந்தவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். சாப்பிட்ட தட்டைக் கழுவ விடவில்லை. அவளுக்கென்று காரம் கம்மியாகத் தனிக் குழம்பு. ஃபேன் காற்று நேராகப் படுகிற கட்டில் அவளுக்கு, நானும் மகளும் தரையில். அவள் எழுந்தால் என்ன வேண்டுமோ என்று நானும் எழுவேன். "அந்தப் பொண்ண கொஞ்சம் மூச்சு விட விடு" என்று என் கணவர்கூடச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கிறவளா.

ஆஸ்பத்திரியிலும் அதே உபசாரம்தான் என்று மகள் சொல்வாள். வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் நாற்காலி போடுவாராம். ரவுண்ட்ஸில் நம் பிள்ளைகள் பெரிய டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது, இவளிடம் மட்டும் அவர் காபி சாப்பிட்டாயா என்று விசாரிப்பாராம். காய்ச்சலில் படுத்திருந்த ஓர் அம்மாள் இவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, கை கூப்பி, நெற்றியில் திருநீறு வைத்துவிடச் சொன்னாராம். இவள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியும் அப்படி. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, தான் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள்.

மகள் முகம் செத்துப்போனது. ஆனாலும் நிதானமாக, ஏன் என்று கேட்டாள்.

"எல்லாரும் என்னிடம் அன்பாக இருக்கிறீர்கள். ஆனால் இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் தப்பாகச் சொன்னாலும் டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். இப்படியே மாதம் முடிந்தால் நிறைய போட்டோவோடு ஊருக்குப் போவேன், அவ்வளவுதான்" என்றாள் அந்தப் பெண்.

பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு இதுவா பலன் என்று எனக்குச் சுருக்கென்றது. கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஆபீஸ் ஆங்கிலம் கொஞ்சம் என்னிடமும் உண்டு. "நீ போய்விட்டால் என் மகளுக்கு..." என்று ஆரம்பித்தேன். மகள் தமிழில் குறுக்கே விழுந்தாள்.

"அம்மா, சொல்லாத."

"ஏன்டி சொல்லக்கூடாது? ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவா."

"இருந்துடுவா, அதான் சொல்லாதன்றேன். எனக்காகப் பல்லக் கடிச்சிக்கினு இருப்பா. அவளுக்கு இங்க ஒண்ணும் கிடைக்கலன்னா போறதுதான் நியாயம். என் சீட்டைக் கொண்டுபோய் அவ தலையில ஏன் கட்டணும்?"

பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, போவதென்றால் டிக்கெட் மாற்றத் தானே உதவுவதாகவும், நாளைக்கு மட்டும் வார்டுக்கு வரும்படியும் சொன்னாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். கைக்கு வந்ததை இப்படி விட்டுக்கொடுக்கிறாளே என்று ஆத்திரம்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் மகள் பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றிருக்கிறாள். "மேடம், எங்களத் திட்டுற மாதிரி அவளையும் திட்டுங்க."

"விருந்தாளியா வந்த பொண்ண எப்படிம்மா திட்டுறது?"

"அவ படிக்க வந்தவ மேடம். நாமதான் விருந்தாளியாக்கி வெச்சிருக்கோம்."

தன் இடத்தைப் பற்றி அங்கேயும் மூச்சு விடவில்லை.

அன்று அந்தப் பெண் ஒரு நோயாளியைப் பற்றி விவரம் சொல்லும்போது, காலில் வீக்கம் இல்லை என்றாளாம். டாக்டரம்மா போர்வையை விலக்கினார். இரண்டு காலும் வீங்கிக் கிடந்தன. போர்வையை எடுக்காமலே எப்படிக் கண்டுபிடித்தாய், தியானத்தில் தெரிந்ததா என்று வார்டே கேட்கும்படி பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டில் வரிசை முழுக்க ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மறுபடி சொல்ல வைத்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

சாயங்காலம் முகமெல்லாம் சிவக்க வீட்டுக்கு வந்தாள். பெட்டி கட்டப் போகிறாள் என்றே நினைத்தேன். "இன்றைக்கு என்னை நன்றாகத் திட்டினார்" என்றாள், பரிசு வாங்கி வந்தவள் போல. சாப்பிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். நான் எழப் போனேன், மகள் முறைத்தாள், உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளை வேர்க்கடலை உரிக்க உட்கார வைத்தேன். தோலும் பருப்புமாகக் கலந்து போட்டதற்கு நானும் என் பங்குக்குத் திட்டினேன். டிக்கெட் பேச்சு அப்புறம் எழவே இல்லை.

மாதம் முடிந்தது, மகளுக்கு இடமும் கிடைத்தது. போய்வந்த போட்டோக்களை ஆபீசில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் காட்டினேன். ஆனால் நான் நெஞ்சு நிமிர்ந்து நின்றது அதற்கு முன்னாலேயே, அந்தப் பெண் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம்.

கல்லூரியில் யாரோ பேச்சுவாக்கில் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நேராகச் சமையலறைக்கு வந்தாள். "நான் அன்றைக்குப் போயிருந்தால் உங்கள் மகளின் இடம் போயிருக்குமாமே. ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நான் சொல்லத்தான் வந்தேன். அவள்தான் விடவில்லை" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மகள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பாராட்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கண் பட்டுவிடும் என்று மார்க்கைக்கூடக் குறைத்துச் சொல்கிறவள் நான். அவள் ப்ளஸ் டூ முடித்தபோதும், மெடிக்கல் சீட்டு வாங்கியபோதும் அவள் எதிரில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"அவள் நல்ல டாக்டர்" என்றேன். தரையில் இருந்தவளுக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.